ரசம் என்கிற குதிரையின் நடை

வான்மதிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அவள் புருஷன் திருமூர்த்தி சொல்வான். அது அபாண்டம். மூக்கு நுனி வரைக்கும் போய்ச் சேரும் பொறுமைகூட அந்தக் கோபத்துக்குக் கிடையாது. டெக்ஸஸின் ரிச்சர்ட்சன் நகரில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பாஸ்கெட்பால் ஹாலுக்குள், அந்த ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, கழுத்தில் ‘ஜட்ஜ்’ என்ற அட்டையை மாட்டிக்கொண்டு நுழையும்போதே அவளுக்குப் பாதிக் கோபம் ஏறியாகிவிட்டது. காரணம், முந்தின நாள் சாயங்காலம் வந்த ஒரு போன்.

போன் பண்ணியவள் ஷ்யாமளா. தமிழ்ச் சங்கத்தில் எந்த விழா என்றாலும் மைக்கைப் பிடித்துக்கொள்கிற ஷ்யாமளா. மகள் தீக்ஷா மறுநாள் பொம்மைக் குதிரை ஷோவில் கலந்துகொள்கிறாள் என்றும், அடுத்த மாதம் பிறந்தநாள் வந்தால் இளையோர் பிரிவுக்கு வயது தாண்டிவிடும் என்றும், இதுதான் அவளுக்குக் கடைசி ஷோ என்றும் ஒரே மூச்சில் சொன்னாள். முதல் இரண்டு இடத்தில் எதையாவது பிடித்தால்தான் தேசியப் போட்டிக்குத் தகுதி அட்டை கொடுப்பார்கள். அந்த அட்டை இருந்தால் காலேஜ் அப்ளிகேஷனில் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று வான்மதிக்கே விளக்கம் வேறு.

“ட்ரெஸாஜ் கிளாஸ்ல இருக்கா. பிரௌன் குதிரை. கொஞ்சம் பாத்துப் போடுங்க வான்மதி, நம்ம பொண்ணு.”

எந்தக் குதிரை யாருடையது என்று ஜட்ஜுக்குத் தெரியக்கூடாது, போட்டிக்கு முன்னால் ஜட்ஜோடு பேசுவதே தப்பு என்று வான்மதி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஷ்யாமளா சிரித்தாள். நான் எங்கே சொன்னேன், பிரௌன் என்றுதானே சொன்னேன், எல்லாக் குதிரையும் பிரௌன்தானே என்றாள். வான்மதி போனை வைத்துவிட்டு, அதன் பிறகு வெகுநேரம் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்த்தாள்.

இந்தச் சமாசாரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு அடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குதிரை. அதற்குத் தோலில் தைத்த சேணம், விரல் நகம் அளவுக்குக் கொக்கி, மேலே ஒரு பொம்மை ஆள், கீழே மணல், சுற்றி வேலி. நிஜப் பந்தயத்தில் நடக்கும் ஒரு கணத்தை அப்படியே மேஜைமேல் வைத்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு சீட்டில், குதிரை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். சீட்டு சொல்வதைக் குதிரையின் கால்களும் சொல்கின்றனவா என்று பார்ப்பதுதான் ஜட்ஜின் வேலை. நிஜக் குதிரை தவறாகக் காலை வைத்தால் அடுத்த அடியில் திருத்திக்கொள்ளும். பொம்மைக்கு அடுத்த அடி கிடையாது.

அதனால் கால்களைப் பற்றி அவளிடம் யாரும் கதை விட முடியாது. ட்ராட் என்றால் மெதுவோட்டம், முன்னங்கால் ஒன்றும் அதற்கு மூலைக்கு மூலையாக இருக்கும் பின்னங்கால் ஒன்றும் சேர்ந்து எழும், சேர்ந்து விழும். கேன்டர் என்றால் அதைவிட வேகமான பாய்ச்சல், மூன்று தட்டு, ஒரு கால் மட்டும் முன்னால் நீண்டு முடிக்கும். இதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் வேலை பார்க்க விசா இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த வருஷங்களில், ஊருக்கு வெளியே ஒரு லாயத்து வேலியோரம் புல்லில் படுத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துக் கற்றது. இப்போது அவள் டெலிகாம் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் டீமுக்குத் தலைவி. குதிரைப் பைத்தியம் மட்டும் போகவில்லை, ஒரு அறை முழுக்கப் பொம்மைக் குதிரைகள் நிற்கின்றன.

தமிழ் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ‘பொம்மைக் குதிரை வான்மதி’ என்றார்கள். ஒரு கொலுவில், சுண்டலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஷ்யாமளா சொன்னது காதில் நன்றாக விழுந்தது. குழந்தை இல்லல்ல, பாவம், அதான் பொம்மை வச்சு விளையாடறா. வான்மதி அந்தச் சுண்டலைத் தின்னவில்லை. வருஷம் பல ஆகியும் அது செரிக்கவும் இல்லை. இப்போது காலேஜ் அப்ளிகேஷனுக்கு உதவும் என்று எவனோ ஒரு கவுன்சலர் சொல்லிவிட்டான், உடனே அதே பொம்மை ‘எக்ஸ்ட்ரா கரிகுலர்’ ஆகிவிட்டது, அதே வான்மதி ‘நம்ம வான்மதி’ ஆகிவிட்டாள். இந்த லட்சணத்தில் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

ஷோவை நடத்துகிற டார்லீன் சவாரியில் குதிரையின் நடையழகைக் காட்டும் பிரிவான இளையோர் ட்ரெஸாஜ் கிளாஸை அழைத்தாள். வான்மதி மேஜை மேஜையாகக் குனிந்து நிமிர்ந்து வந்தாள். சுமாரானவை, பாவமானவை, ஒன்றிரண்டு நல்லவை. நாலாவது மேஜையில் அவள் கால் தானாக நின்றுவிட்டது.

முதலில் பார்த்தது குதிரையை இல்லை, மணலை. மாவு சலித்தது போன்ற மெல்லிய மணலில், குதிரைக்குப் பின்னால் குளம்படிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. வான்மதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முன்னங்குளம்பு பதிந்த பள்ளத்தின்மேலேயே பின்னங்குளம்பு விழுந்திருந்தது. அடிகளுக்கு நடுவே இடைவெளி கொஞ்சமும் பிசகவில்லை. ஓரிடத்தில், குதிரை வளைவை எடுக்கும் இடத்தில், வெளிப்பக்க அடிகள் மட்டும் மயிரிழை நீண்டிருந்தன. இது ட்ராட், அதுவும் நல்ல ட்ராட். இதைப் பதித்த கைக்குக் குதிரை தெரியும். இத்தனை வருஷத்தில் எந்தப் பெரியவரும் இவ்வளவு யோசித்து அவள் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபமே மறந்துவிட்டது.

அப்புறம் குதிரையைப் பார்த்தாள். மறந்தது திரும்பி வந்தது.

பளபளவென்று, பிடரி காற்றில் பறக்க, கடையிலிருந்து நேரே இறங்கி வந்த மாதிரி ஒரு ரெஸின் குதிரை. சிற்பியின் வேலை, சந்தேகமில்லை. ஆனால் அது கேன்டரில் போய்க்கொண்டிருந்தது. அச்சாகப் பதிந்த ட்ராட் அடிகளின்மேல், பக்கத்துச் சீட்டில் ‘ஒர்க்கிங் ட்ராட்’ என்று தெளிவாக எழுதியிருக்க, இந்த மகாராஜா மட்டும் கேன்டரில். சேணத்தின் வார் எட்டாமல் பாதியில் நின்றது. காலடியில் மணல் கலைந்து, யாரோ அவசரமாக ஊன்றி நிறுத்திய தடம் தெரிந்தது. மேஜையை அலங்கரித்தவரும் குதிரையை வைத்தவரும் ஒரே ஆள் இல்லை என்பது அவளுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

குரங்காக்கியது யார் என்பதும் விளங்கிவிட்டது. குதிரையின் இடது கன்னத்தில், குழந்தைகளுக்கு வைப்போமே, அது போலக் கண்மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு.

டெக்ஸஸ் மாநிலத்தில் பொம்மைக் குதிரைக்குத் திருஷ்டி கழிக்கிற வீடு எத்தனை இருக்கும்? பிரௌன் என்று சொன்னால் போதாதென்று பொட்டு வைத்துக் காட்டுகிறாளா? ஜட்ஜுக்கு அடையாளமா? வான்மதிக்குக் காது மடல் சுட்டது. இந்தக் குதிரை யாருடையதாக இருந்தாலும் இடம் கிடைத்திருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சத்தியமான உண்மை. ‘நடை பொருந்தவில்லை’ என்று எழுதும்போது பேனா காகிதத்தைக் கிழித்ததும் உண்மை.

ரிப்பன்களை டார்லீன் வைத்து முடித்தாள். நாலாவது மேஜையில் ஒன்றும் இல்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஷ்யாமளா எழுந்து நேராக வான்மதியிடம் வந்தாள். தீக்ஷா ஹாலிலேயே இல்லை. காலையில் கதவு திறந்ததும் வந்து மேஜையை அமைத்துவிட்டு, காலேஜ் நுழைவுத் தேர்வுக்கான எஸ்.ஏ.டி. கிளாஸுக்குப் போயிருந்தாள். ஒரு சனிக்கிழமை விட்டால் என்ன என்று பெண் கெஞ்சியிருக்கிறாள், அம்மா விடவில்லை.

அத்தனை குதிரையில் இதுதானே அழகு, இதற்கு ஒரு மூணாவது பரிசுகூட இல்லையா என்று ஷ்யாமளா ஆரம்பித்தாள். வான்மதி குரலைத் தாழ்த்தி, தமிழிலேயே, குதிரையை மாற்றியது யார் என்று கேட்டாள். ஷ்யாமளா ஒளிக்கவில்லை. அந்தப் பழைய பிளாஸ்டிக் குதிரை மூக்கெல்லாம் பெயின்ட் போய்ப் பிச்சைக்காரக் குதிரை மாதிரி இருந்ததாம். கலிஃபோர்னியாவிலிருந்து இதை ஆர்டர் பண்ணி, சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று தீக்ஷாவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தாளாம். பெண்ணுக்காக இதைக்கூடச் செய்யக்கூடாதா என்றாள்.

“அந்தப் பொட்டு எனக்கு சிக்னலா?”

ஷ்யாமளா முழித்தாள். நிஜமாகவே முழித்தாள். “புதுக் குதிரை வான்மதி. எத்தனை பேர் கண்ணு. இதுல என்ன சிக்னல்?”

அந்த முழியைப் பார்த்ததும், பொட்டு விஷயத்தில் தான் அவசரப்பட்டுவிட்டோம் என்று வான்மதிக்குத் தெரிந்தது. அங்கேயே விட்டிருக்கலாம். விட்டிருப்பாள். ஆனால் ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வார்த்தையைச் சொன்னாள்.

“உங்களுக்கும் ஒரு குழந்தை இருந்தா, ஒரு அம்மா ஏன் இதெல்லாம் பண்றான்னு தெரிஞ்சிருக்கும்.”

வான்மதி ஆங்கிலத்துக்கு மாறினாள். தெரிந்தேதான் மாறினாள். ஹால் முழுக்கக் கேட்கட்டும் என்றுதான். இந்த அம்மாள் நேற்று ஜட்ஜுக்குப் போன் பண்ணி எந்தக் குதிரை என்று சொன்னாள் என்றாள். சொந்தப் பெண் ராப்பகலாகச் செய்த வேலையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கடைக் குதிரையை நிறுத்தியிருக்கிறாள் என்றாள். ட்ராட்டுக்கும் கேன்டருக்கும் வித்தியாசம் தெரியாத இவள், அந்தப் பெண்ணின் கடைசி ஷோவைத் தன் கையாலேயே நாசம் பண்ணிவிட்டாள் என்றாள். சொன்னது எல்லாம் சரி. சொன்ன சத்தத்தில் குட்டிக் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஷ்யாமளாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

டார்லீன் வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். ஜட்ஜுக்குப் போன் பண்ணியது முதல் தப்பு, இன்னொன்று நடந்தால் அந்த மேஜையையே எடுத்துவிட வேண்டிவரும் என்று மெதுவாகச் சொன்னாள். பத்தாவது மேஜைவரைக்கும் கிசுகிசு போய்ச் சேர்ந்தது. அத்தனை பேர் கண்ணும் தீக்ஷாவின் பெயர் ஒட்டாத அந்த நாலாவது மேஜைமேல் இருந்தது. வான்மதிக்குக் கொஞ்ச நேரம் ரொம்பத் திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி தீக்ஷா வரும்வரைதான் நீடித்தது. அப்பா வெங்கடகிருஷ்ணன் வாசலில் இறக்கிவிட்டுப் போக, முதுகுப் பையோடு அவள் ஓடி வந்தாள். பாதி ஹால் வந்ததும் எல்லாரும் தன்னைப் பார்ப்பது தெரிந்து நடையைக் குறைத்தாள். மேஜையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“வேர் இஸ் ரசம்?” என்றாள்.

ரசம் அவளுடைய குதிரையின் பெயர். நிறத்தால் வந்த பெயர் போலிருக்கிறது. கார்ல பத்திரமா வச்சிருக்கேன், முன்னாடி, கண்ணாடிகிட்ட என்றாள் ஷ்யாமளா. தீக்ஷா சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஜூன் மாதத்து டெக்ஸஸ் வெயிலில், மூடிய காரின் டாஷ்போர்டில், பிளாஸ்டிக் குதிரை. இந்த ஹாலில் இருக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட அது என்ன ஆகும் என்று தெரியும்.

தீக்ஷா திரும்பி வந்தபோது குதிரையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். மற்ற மூன்று காலும் பிழைத்திருந்தன. ஊன்றிய வலது முன்னங்கால் மட்டும் முட்டியில் இளகி வளைந்துவிட்டது. மேஜையில் வைத்தாள். அது நின்றது, ஆனால் ட்ராட்டில் இல்லை. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உதடு இரண்டும் உள்ளே போய், தாடை இறுகி, அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஷ்யாமளா பக்கத்தில் நின்று, ஐஸ் வைக்கலாமா, சூப்பர் க்ளூ வாங்கி வரட்டுமா, புதுக் குதிரைதான் இருக்கே கண்ணா என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

வெந்நீரில் முக்கிப் பிடித்தால் கால் நிமிரும். ஆனால் வேகமாகச் செய்தால் பெயின்ட் உரியும், விரிசலும் விடலாம். அடுத்த கிளாஸுக்குள் நடக்கிற காரியம் இல்லை. போய்ச் சொல்லவும் முடியாது, அவள் ஜட்ஜ். மத்தியானம் மிச்சமிருந்தது ‘மற்ற காட்சிகள்’ என்ற கிளாஸ் ஒன்றுதான். வண்டி இழுப்பது, மாடு விரட்டுவது, கோமாளி வேடிக்கை, எதுவானாலும் வைக்கலாம். அதிலும் முதல் இரண்டு இடத்துக்கு அட்டை உண்டு. நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் எதைக் காட்டப்போகிறாள்? வான்மதி ஆறிப்போன சாண்ட்விச்சை மென்றுகொண்டு தூர நின்று பார்த்தாள். ஷ்யாமளாமேல் வந்த கோபத்தில் அவளுக்கு வாயில் ருசியே தெரியவில்லை.

தீக்ஷா மேஜை மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திக் குதிரையைப் பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் விசித்திரமாக ஒன்று செய்தாள். மேஜைகளுக்கு நடுவே இருந்த சந்தில், ஒரு காலை நொண்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். போனாள், வந்தாள். நொண்டுகிற கால் தரையில் படும்போதெல்லாம் தலையை மேலே தூக்கினாள். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தினாள். ஷ்யாமளா, எல்லாரும் பாக்கறாங்க என்றாள். தீக்ஷா இன்னொரு தடவை போய் வந்தாள். வான்மதியின் கையில் சாண்ட்விச் அப்படியே நின்றுவிட்டது. இந்தப் பெண் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கிளாஸ் தொடங்கும் முன் வான்மதி டார்லீனிடம் போய், நாலாவது மேஜை யாருடையது என்று தனக்குத் தெரியும், தான் இதைப் பார்ப்பது நியாயமில்லை என்றாள். காலையில் நீ போட்ட சத்தத்தில் பார்க்கிங் லாட் வரைக்கும் தெரியும் என்றாள் டார்லீன். இந்த ஹாலில் ஒவ்வொரு குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தே சொந்தக்காரர் யாரென்று சொல்லிவிடுவேன், நீ ஆளைப் பார்க்காதே, காலைப் பார் என்று கிளிப்போர்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வான்மதி காலைத்தான் பார்த்தாள். வேண்டுமென்றே குற்றம் தேடிப் பார்த்தாள்.

வேலியும், ட்ரெஸாஜ் மைதானத்தைச் சுற்றி நிற்கும் எழுத்துப் பலகைகளும் போயிருந்தன. மணலைத் தண்ணீர் தெளித்து இறுக்கிக் கெட்டித் தரையாக்கியிருந்தாள். சேணம் இல்லை. நெடுந்தூரப் பந்தயத்தின் நடுவில் குதிரைகளை நிறுத்தி டாக்டர் பரிசோதிக்கும் இடம் அது. ஒரு பொம்மை குதிரையைக் கயிற்றில் பிடித்து ட்ராட்டில் ஓட்டிக்கொண்டு வருகிறது. காலையில் சவாரி செய்த பொம்மை, தொப்பி கழன்று, டாக்டராகி, குந்தி உட்கார்ந்து பார்க்கிறது. பக்கத்து மேஜையில் கடன் வாங்கிய மூன்றாவது பொம்மை, குதிரையின் சொந்தக்காரி, கையை உயர்த்தி டாக்டரிடம் ஏதோ வாதாடுகிறது.

ரசம் நொண்டுகிறது. வலது முன்னங்கால் தரையில், முட்டி மடங்கி. அதற்கு மூலையில் இருக்கும் இடது பின்னங்கால் தரையில். வலிக்கிற கால் படும்போது குதிரை தலையைத் தூக்கும், ரசத்தின் தலை அச்சிலேயே தூக்கியிருந்தது. பின்னால் இருந்த குளம்படிகளில் வலது முன்னடி மட்டும் மேலோட்டமாக, பாரம் போடப் பயந்த அடியாகப் பதிந்திருந்தது. கயிறு தொய்வாக இருந்தது. இறுக்கிப் பிடித்தால் தலை ஆடுவது டாக்டருக்குத் தெரியாது என்று பெரிய பெரிய ஆட்களே மறந்துவிடுவார்கள். இவள் மறக்கவில்லை.

சீட்டைப் படித்தாள். ஆங்கிலத்தில் சின்னச் சின்ன எழுத்தில் இருந்தது. ‘சொந்தக்காரி: என் குதிரைக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறது, ஓடட்டும். டாக்டர்: வலது முன்னங்கால். உங்களுக்குத் தெரியவில்லையா?’

பெண்ணின் கோபம் மேஜை முழுக்க இருந்தது. ஆனால் ஒரு அடிகூட அந்தக் கோபத்தால் தப்பாக விழவில்லை. தன் கோபத்தைப் பற்றி வான்மதியால் அப்படிச் சொல்ல முடியாது.

குற்றம் ஒன்று கிடைத்தது. கயிற்றின் கொக்கி. அந்த அளவுக் குதிரைக்கு அது வாளிக் கைப்பிடி அளவு இருந்தது. ஏழாவது மேஜையில் மாடு விரட்டும் காட்சி ஒன்று பழுதே இல்லாமல் இருந்தது. அதற்கு முதலிடம், ரசத்துக்கு இரண்டாமிடம் என்று எழுதினாள். பாவம் பார்த்து ஏற்றவும் இல்லை, வீம்புக்கு இறக்கவும் இல்லை. யார் கேட்டாலும் கொக்கியைக் காட்டுவாள்.

டார்லீன் ரிப்பனையும் தேசியப் போட்டிக்கான பச்சை அட்டையையும் நாலாவது மேஜையில் வைத்தாள். சில பேர் கைதட்டினார்கள். தீக்ஷா அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நேரம் வராத கண்ணீர் அப்போது வந்தது. அந்த அட்டை அவளுக்கு அப்ளிகேஷனுக்கு இல்லை என்பது அந்த முகத்தைப் பார்த்தால் எந்தக் குருடருக்கும் தெரியும்.

ஷ்யாமளாவுக்குத் தெரியவில்லை. காலையில் வெளுத்த முகத்தில் களை திரும்பி வந்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு மேஜைக்கு முன்னால் வந்து, எல்லாம் நல்லதுக்குத்தான், நான் மட்டும் அதைக் கார்ல வைக்கலன்னா இந்த ஐடியா வந்திருக்குமா என்று பக்கத்து மேஜைப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரு போட்டோ வேண்டுமாம். குதிரையின் முகம் சரியாகத் தெரியவில்லையாம்.

வான்மதிக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. நாலு எட்டு வைத்து வந்துவிட்டாள். இந்தத் தடவை என்ன சொல்ல வேண்டும் என்பது முழுசாக, ஆங்கிலத்தில், நாக்கு நுனியில் வந்து நின்றது. ஷ்யாமளா குதிரையைக் காமிரா பக்கம் திருப்பக் கையை நீட்டினாள்.

தீக்ஷா அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

“தொடாத மா.” தமிழில் சொன்னாள். வான்மதி அறிந்து அந்தப் பெண் ஒரு விழாவிலும் தமிழில் வாயைத் திறந்ததில்லை. எழுத்துக்கள் அமெரிக்கத் தொண்டையில் உருண்டு உருண்டு வந்தன. “எனக்கு உன் மேல ரொம்ப ரொம்ப கோவமா இருக்கு. இவங்க முன்னாடி வேணாம். வீட்டுல பேசலாம்.”

முகத்தில் சிரிப்பு மாறாமல் சொன்னாள். ஏதோ அம்மாவும் பெண்ணும் கொஞ்சிக்கொள்கிறார்கள் என்று நினைத்துப் பக்கத்து மேஜைப் பெண்மணியும் சிரித்தாள். டார்லீனும் சிரித்தாள். ஷ்யாமளாவின் கை குதிரைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. அப்புறம் அந்தக் கை போனோடு கீழே இறங்கியது. அப்போதுதான் அவள் கண் மேஜையில் இருந்த சீட்டின்மேல் விழுந்தது. படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் படித்து முடிக்கும்வரை தீக்ஷா அவளை மறைத்துக்கொண்டு, ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

அந்த ஹாலில் அந்தத் தமிழ் புரிந்த மூன்றாவது ஆள் வான்மதி ஒருத்திதான். காலையில் இதே அம்மாளை இதே ஜனங்கள் முன்னால், எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றே ஆங்கிலத்தில் கிழித்துப் போட்டவளும் அவள்தான். வெட்கமாக இருந்தது. நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனாள்.